கலெக்டர் ஒரு பக்கம், ஜில்லா மறு பக்கம்!

ஒரு கலெக்டர் தம் ஜில்லாவின் மறு பாதியைப் பார்வையிடப் புறப்படுகிறார். ஜனவரி மாதம். தலைநகரிலிருந்து அந்த ஊர் 190 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அந்தத் திசையில் அவர் வண்டியைத் திருப்பவே முடியாது. எதிர்த் திசையில் போய், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அடுத்த ஜில்லாவில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு ஜில்லா, அப்புறம் மாநிலத் தலைநகர், அதையும் தாண்டி மற்றொரு மலை ஜில்லா என்று 700 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு, கொல்லைப்புற வழியாகத் தம் சொந்த ஜில்லாவுக்குள் நுழைய வேண்டும்!

இது கற்பனை அல்ல. இமாசலப் பிரதேசத்தின் வடகோடியில் உள்ள லாஹௌல்-ஸ்பிதி ஜில்லாவில் வருஷா வருஷம் நடக்கும் சங்கதி. ஜில்லாவின் தலைநகர் கேலாங், லாஹௌல் பகுதியில் இருக்கிறது. ஸ்பிதி பகுதிக்கு முக்கிய ஊர் காஸா. இரண்டுக்கும் நடுவே குன்ஸும் கணவாய். உயரம் சுமார் 15,000 அடி. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பனி விழுந்து அடைபட்டால், மறுபடி பாதை திறக்க மே, ஜூன் ஆகிவிடும். வருஷத்தில் பாதி நாள் இந்த ஜில்லா வரைபடத்தில் மட்டும்தான் ஒரே ஜில்லா.

பரப்போ பெரிது, ஜனமோ கொஞ்சம்

இமாசலப் பிரதேசத்தின் மொத்த விஸ்தீரணம் 55,673 சதுரக் கிலோமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு, ஏறத்தாழ 13,800 சதுரக் கிலோமீட்டர், இந்த ஒரு ஜில்லாவுக்குச் சொந்தம். மாநிலத்திலேயே மிகப் பெரிய ஜில்லா இதுதான். ஜனத்தொகையிலோ மிகச் சிறியது. 2011-ஆம் வருஷக் கணக்குப்படி இங்கே வசித்தவர்கள் 31,564 பேர். லாஹௌலில் சுமார் 19,000, ஸ்பிதியில் சுமார் 12,500. சதுரக் கிலோமீட்டருக்கு இரண்டு பேர் என்று வகுத்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெரும் பகுதியில் இரண்டு பேர் என்ன, ஒருவர்கூடக் கிடையாது. பாறையும், பனியாறும், சரளைக் கல்லும்தான். ஆற்றங்கரையில், ஓடைத் தண்ணீர் எட்டுகிற மேடுகளில் மட்டும் ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கேலாங் சுமார் 10,000 அடி உயரத்தில் இருக்கிறது. காஸா 12,000 அடி. காஸாவுக்கு மேலே உள்ள கிப்பர் கிராமம் ஏறத்தாழ 14,000 அடி. அந்த உயரத்தில் காற்றே மெலிந்துவிடும். புதிதாகப் போகிறவர்களுக்குப் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

மூன்று ஆறுகள்

இந்த ஜில்லாவைப் புரிந்துகொள்ள ஆறுகளைப் பிடித்துக்கொண்டு போவதே சுலபமான வழி.

16,000 அடி உயரத்தில் பாராலாச்சா என்று ஒரு கணவாய். அதன் ஒரு பக்கத்தில் சந்திரா ஆறு புறப்படுகிறது. மறு பக்கத்தில் சூரியதால் என்னும் ஏரியிலிருந்து பாகா ஆறு புறப்படுகிறது. ஒரே இடத்தில் பிறந்த இரண்டும் எதிர் எதிராகப் பிரிந்து, பெரிய மலைக்கூட்டம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து, கேலாங்குக்குக் கீழே தண்டி என்ற ஊரில் மறுபடி சந்திக்கின்றன. அங்கிருந்து பெயர் சந்திரபாகா. காஷ்மீருக்குள் போனதும் அதுவே செனாப். இந்த இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்கும், அவை கூடிய பிறகு உள்ள பட்டன் பள்ளத்தாக்கும் சேர்ந்ததுதான் லாஹௌல். மூன்றில் பட்டன்தான் வளமானது.

மூன்றாவது ஆறு ஸ்பிதி. அது குன்ஸும் மலைத்தொடரின் மறு சரிவில் பிறந்து, தென்கிழக்கே ஓடி, கின்னௌர் ஜில்லாவில் காப் என்ற இடத்தில் சட்லெஜில் விழுகிறது. ஆக, லாஹௌல் தண்ணீர் மேற்கே போகிறது. ஸ்பிதித் தண்ணீர் கிழக்கே போகிறது. ஜனங்களின் போக்குவரத்தும் அப்படியேதான். லாஹௌல்காரருக்குக் கடைத்தெரு மணாலி, குல்லு. ஸ்பிதிக்காரர் குளிர்காலத்தில் கின்னௌர் வழியாக ராம்பூருக்கும் சிம்லாவுக்கும் போகிறார்.

இரண்டு பகுதிக்கும் பொதுவானது ஒன்று உண்டு: பருவமழை அதிகம் எட்டாது. தெற்கே உள்ள மலைத்தொடர் மேகங்களைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. மணாலிப் பக்கம் தேவதாருக் காடு அடர்ந்து கிடக்க, மலையின் மறு புறம் இறங்கினால் மரமே அபூர்வம். ஸ்பிதியை 'குளிர் பாலைவனம்' என்றே அழைக்கிறார்கள். விவசாயம் முழுவதும் பனி உருகி வரும் ஓடைத் தண்ணீரை நம்பித்தான். 'கூல்' என்னும் சிறு வாய்க்கால்களை மலைச் சரிவிலே வெட்டி, எங்கிருந்தோ வரும் நீரை வயலுக்குத் திருப்புகிறார்கள். வருஷத்துக்கு ஒரே போகம். முன்பு பார்லியும் கறுப்புப் பட்டாணியும் விளைந்த நிலத்தில் இன்று லாஹௌலில் உருளைக்கிழங்கும் காலிபிளவரும், ஸ்பிதியில் பச்சைப் பட்டாணியும் பணப் பயிர்கள். மற்ற இடங்களில் பட்டாணிப் பருவம் முடிந்த பிறகு ஸ்பிதிப் பட்டாணி சந்தைக்கு வருவதால் நல்ல விலை. அந்த மூட்டைகள் சந்தைக்குப் போய்ச் சேர, லாரி ஓடுகிற பாதை திறந்திருக்க வேண்டும். ஆகவே பாதை என்பது இந்த ஜில்லாவில் வேளாண்மைப் பிரச்னையும்கூட.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு சிறு தகவல். 1850-களில் ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவியன் பாதிரிமார்கள் கேலாங்கில் தங்கினார்கள். அவர்கள்தான் அந்தக் கிழங்கை இங்கே கொண்டுவந்தவர்கள் என்பார்கள். மதம் மாற்ற வந்தவர்களுக்கு அந்த முயற்சியில் பெரிய பலன் கிட்டவில்லை, கிழங்கு வேரூன்றிவிட்டது. அவர்களில் ஒருவரான யேஷ்கே, திபெத்திய மொழிக்கு ஓர் ஆங்கில அகராதியே செய்தார். 1881-இல் லண்டனில் வெளியான அந்த நூல் இன்றும் அறிஞர்கள் கையில் புழங்குகிறது.

ஒரே கோயில், இரு தெய்வம்

லாஹௌலில் ஹிந்துக்களும் பௌத்தர்களும் கலந்து வாழ்கிறார்கள். பட்டன் பள்ளத்தாக்கில் திரிலோகநாத் என்று ஒரு கோயில். உள்ளே இருப்பது ஒரே விக்கிரகம். ஹிந்துவுக்கு அவர் சிவபெருமான், பௌத்தருக்கு அவலோகிதேசுவரர். இருவரும் ஒரே வாசல் வழியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். பேச்சு மொழியோ பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு. பட்டன்காரர் பேசுவது பாகாக்கரைக்காரருக்கு விளங்காது.

குன்ஸுமைத் தாண்டினால் காட்சி மாறிவிடும். ஸ்பிதி முழுக்கப் பௌத்த நாடு. மொழி திபெத்தியத்தின் கிளை. தாபோ மடாலயம் கி.பி. 996-இல் எழுந்தது, மண்ணால் கட்டிய சுவர்களுக்குள்ளே ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வண்ண ஓவியங்கள். 1996-இல் அதன் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குத் தலாய் லாமாவே வந்து காலசக்ர தீட்சை நடத்தினார்.

நிலம் குறைவான ஊரில் பாகப்பிரிவினை எப்படி நடக்கும்? ஸ்பிதியில் மூத்த மகனுக்கே வீடும் நிலமும் என்பது பழைய வழக்கம். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் 'காங்சென்' எனப்படும் பெரிய வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, 'காங்சுங்' எனப்படும் சின்ன வீட்டுக்குக் குடிபோவார்கள். (நம் ஊரில் சின்ன வீடு என்றால் என்ன என்று நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம்!) இளைய பிள்ளைகள் மடாலயத்துக்குப் போய் லாமாக்களாவார்கள். நிலம் துண்டாகாமல், ஜனத்தொகையும் பெருகாமல் பல நூற்றாண்டுகள் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். தம்பிமார்களையும், வீட்டில் பிறந்த பெண்களையும் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். இப்போது படிப்பும் உத்தியோகமும் வந்து வழக்கம் தளர்ந்து வருகிறது.

கம்பளிக்காக வாங்கிய நாடு!

இப்படி மொழி வேறு, ஆறு வேறு, சந்தை வேறு என்று இருக்கும் இரண்டு பகுதிகளை ஒரே கயிற்றில் கட்டியது யார்?

பழைய காலத்தில் லாஹௌல், குல்லு ராஜாக்களின் ஆதிக்கத்தில் இருந்தது. ஸ்பிதி, லடாக் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1846-இல் சீக்கியர்கள் தோற்று, வெள்ளைக்காரர்கள் மலைநாட்டைப் பங்கு போட்டார்கள். காஷ்மீரமும் லடாக்கும் ஜம்மு ராஜா குலாப் சிங்குக்குப் போயின. லாஹௌல் மட்டும் விலக்கப்பட்டு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. லடாக்கோடு ஸ்பிதியும் குலாப் சிங்குக்கே போயிருக்க வேண்டும். ஆனால் திபெத்திலிருந்து வரும் சால்வைக் கம்பளி விஷயத்தில் கம்பெனியாருக்கு ஒரு கண். அந்த வியாபாரப் பாதை ராஜாவின் எல்லைக்குள் சிக்காமல், நேரே தங்கள் சீமைக்கு வந்து சேர வேண்டும் என்று விரும்பினார்கள். ஆகவே வேறு நிலத்தை ராஜாவுக்கு விட்டுக்கொடுத்து, ஸ்பிதியைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷமே கன்னிங்ஹாம், வான்ஸ் அக்னியூ என்ற இரண்டு அதிகாரிகள் போய் லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் எல்லை வகுத்தார்கள். இன்றைக்கு ஸ்பிதி லடாக்கோடு இல்லாமல் இமாசலத்தோடு இருப்பதற்கு ஆட்டு மயிரே காரணம் என்றால் மிகையாகாது.

சேர்த்துக்கொண்டார்களே தவிர, ஆள்வது எப்படி? 1849-இல் குல்லுவின் உதவிக் கமிஷனர் மேஜர் ஹே என்பவர் ஸ்பிதியின் பொறுப்பை ஏற்கப் போனார். குளிர்காலம் முழுதும் அங்கேயே தங்கினார். அந்தத் தங்கலில் அவர் எழுதிய அறிக்கை ஸ்பிதியைப் பற்றிய அருமையான ஆவணம்.

எல்லா அதிகாரியும் மேஜர் ஹே ஆக முடியுமா? வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சுலப வழி கண்டுபிடித்தது. ஸ்பிதியில் 'நோனோ' என்று ஒரு பரம்பரைத் தலைவர் இருந்தார். 1873-இல் ஸ்பிதிக்கென்றே ஒரு தனி ஒழுங்குச் சட்டம் செய்து, வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் அந்த நோனோவுக்கே அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். கொலை வழக்கு மட்டும் விலக்கு. நோனோ அபராதம் விதித்தால் அதுவே தீர்ப்பு. லாஹௌலில் அதே மாதிரி தாக்கூர் குடும்பங்கள். பனிக்கு அப்பால் நடப்பதைப் பனிக்கு அப்பால் உள்ளவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அன்றைய கொள்கை. அதிலே ஜனங்களுக்கு நியாயம் கிடைத்ததா என்பது வேறு விஷயம்; தாசில்தாரைத் தேடிக் கணவாய் ஏற வேண்டிய அவசியமாவது இல்லாமல் இருந்தது.

1941-இல் லாஹௌலையும் ஸ்பிதியையும் சேர்த்து ஓர் உப தாசில் ஆக்கி, கேலாங்கில் அலுவலகம் வைத்தார்கள். அதற்கு மேலே குல்லு, அதற்கும் மேலே காங்க்ரா ஜில்லா. 1960-இல் அன்றைய பஞ்சாப் சர்க்கார் இதைத் தனி ஜில்லாவாக உயர்த்தியது. திபெத்தில் முந்திய வருஷம் பெருங்குழப்பம் நடந்து, அந்த எல்லை திடீரென்று கவலைக்குரியதாக ஆகிவிட்ட சமயம் அது. 1966 நவம்பர் முதல் தேதி பஞ்சாப் பிரிந்தபோது ஜில்லா இமாசலத்துக்கு வந்தது. தலைநகர் மட்டும் அன்று கேலாங்கில் வைத்தது, இன்றும் கேலாங்கில்தான்.

ஹெலிகாப்டரில் ஓர் இடம்

லாஹௌல்காரர்களின் பழைய குளிர்காலத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கேலாங்கிலிருந்து மணாலிக்குப் போக ஒரே வாசல் ரோதாங் கணவாய். 13,000 அடிக்கு மேல். நவம்பரில் அடைபட்டால் மே மாதம் வரை சிறைதான். அரிசி, மாவு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் இலையுதிர் காலத்திலேயே வந்து கிடங்கில் அடுக்கப்பட்டாக வேண்டும். விறகு அடுக்குவது வீட்டுக்கு வீடு பெரிய வேலை. ரோதாங் என்ற பெயருக்கே பிணக்குவியல் என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. பிற்பகலில் எழும் பனிப்புயலில் சிக்கி அங்கே மாண்டவர்கள் அத்தனை பேர். அவசரக் காரியம் உள்ளவர்கள் விடியுமுன் புறப்பட்டு நடந்தே கடந்தார்கள். அவர்களுக்காகக் கணவாயின் இரு புறமும் மீட்புக் குழுக்களை நிறுத்திவைத்தார்கள்.

பிறகு மாநில சர்க்கார் குளிர்காலத்தில் ஹெலிகாப்டர் விட்டது. வானம் தெளிந்தால் பறக்கும்; இல்லாவிட்டால் நாட்கணக்கில் நிற்கும். பிரசவ வேதனையில் இருப்பவள், பரீட்சை எழுதப் போகும் மாணவன், லீவு முடிந்து திரும்ப வேண்டிய உத்தியோகஸ்தர் எல்லோருக்கும் அதிலே ஓர் இடம் வேண்டும். யாருக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிப்பதே குளிர்காலத்தில் அதிகாரிகளுக்குப் பெரிய தலைவலி.

தேர்தல்கூடப் பனியைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். 1998-இல் இமாசலப் பிரதேசம் பிப்ரவரியில் ஓட்டுப் போட்டது. லாஹௌல்-ஸ்பிதி, கின்னௌர், பர்மோர் ஆகிய மூன்று தொகுதிகள் மட்டும் ஜூன் வரை காத்திருந்தன. அந்த மாநிலத்தில் மந்திரிசபை அமைந்து, மாதங்கள் ஓடிய பிறகுதான் இந்த மூன்று தொகுதி ஜனங்களும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

சுரங்கம் வந்தது

லாஹௌலைச் சேர்ந்த டாஷி தாவா என்கிற அர்ஜுன் கோபால், அடல் பிகாரி வாஜ்பாயின் இளமைக்கால நண்பர். வாஜ்பாய் பிரதமரானதும் 1998-இல் டில்லிக்குப் போய், எங்கள் ஊருக்கு மலையைக் குடைந்து வழி வேண்டும் என்று கேட்டார். 2000-ஆம் வருஷம் ஜூன் 3-ஆம் தேதி கேலாங்கிலேயே வந்து நின்று வாஜ்பாய் அந்தத் திட்டத்தை அறிவித்தார். 2002-இல் அணுகு சாலைக்கு அடிக்கல். பிரதான சுரங்கத்துக்கு 2010 ஜூனில் சோனியா காந்தி அடிக்கல் நாட்டினார். சேரி நாலா என்ற ஓடையின் அடியில் தோண்டும்போது தண்ணீர் பீறிட்டு வந்து வருஷக்கணக்கில் வேலையைத் தாமதப்படுத்தியது. கடைசியில் 2020 அக்டோபர் 3-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். நீளம் 9.02 கிலோமீட்டர். 'அடல் சுரங்கம்' என்று பெயர். டாஷி தாவா அதைப் பார்க்க இருக்கவில்லை, 2007-லேயே காலமாகிவிட்டார்.

மணாலியில் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கேலாங்கில் மதியச் சாப்பாடு என்று ஆகிவிட்டது. ஹெலிகாப்டரின் மவுசு போயிற்று. நோயாளி ஜனவரியிலும் குல்லு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கடும் பனிப்பொழிவில் சுரங்கத்துக்கு இரு புறமும் சாலை சில நாள் அடைபடுவது உண்டு. ஆனால் ஆறு மாதச் சிறை என்ற காலம் மலையேறிவிட்டது. கூடவே வந்தது சுற்றுலாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிஸ்ஸு கிராமத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வருமானமும் உண்டு, குப்பையும் உண்டு.

வெளியூர்ப் பணக்காரர்கள் நிலத்தை வளைத்துப் போட்டுவிட மாட்டார்களா என்று கேட்கலாம். அதற்கு ஒரு வேலி இருக்கிறது. 1975-இல் இந்த ஜில்லா முழுவதும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. பழங்குடியினரின் நிலத்தை மற்றவர்கள் பேருக்கு மாற்றுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1968-லிருந்தே இருக்கிறது. மணாலிக்கு நேர்ந்தது கேலாங்குக்கு நேராமல் தடுக்க இந்தச் சட்டம் ஒன்றுதான் துணை.

காஸாவுக்கு என்ன?

சுரங்கம் லாஹௌலின் விலங்கைக் கழற்றியது. குன்ஸும் கணவாய் அப்படியே இருக்கிறது. கிராம்பூ என்ற இடத்தில் ஸ்பிதிக்குப் பிரியும் சாலையில் ஏறினால், கணவாயைத் தாண்டி லோஸர் வரும் வரையில் கோடைகாலத்து டீக்கடைகளைத் தவிர ஊரே கிடையாது. நல்ல நாளிலேயே அது பாறையும் ஓடையும் கலந்த பாதை.

முன்பு குளிர்காலத்தில் கேலாங்கில் இருந்த கலெக்டரும் கைதி, காஸாவில் இருந்தவரும் கைதி. அதாவது, காஸாக்காரருக்குக் கின்னௌர் வழி ஒன்று திறந்திருந்தது. மலைச்சரிவும் பனிச்சரிவும் விட்டுவைத்த நாட்களில் சிம்லா வரை போகலாம். இன்று கேலாங் மணாலியோடு சேர்ந்துவிட்டது. அதன் முகம் தெற்கே திரும்பிவிட்டது. ஒரே ஜில்லாவின் இரண்டு பாதிகள் முன்னைவிடத் தூரமாகிவிட்டன என்றே எனக்குப் படுகிறது.

சர்க்காருக்கு இது தெரியாததல்ல. காஸாவில் ஒரு கூடுதல் டிபுடி கமிஷனரை வைத்திருக்கிறார்கள். (கலெக்டரை அங்கே டிபுடி கமிஷனர் என்பார்கள்.) 1980-களின் பிற்பகுதியில் இமாசலத்தின் பழங்குடிப் பகுதிகளில் 'ஒற்றைவழி நிர்வாகம்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. பொதுப்பணி, சுகாதாரம், கல்வி, விவசாயம் என்று இலாகாவுக்கு ஓர் அதிகாரி, அவரவருக்குச் சிம்லாவில் ஒரு மேலதிகாரி என்றிருந்தால், பனி மூடிய ஊரில் ஒரு பாலம் பழுது பார்க்கக்கூட உத்தரவு வராது. ஆகவே அந்த இடத்தில் உள்ள தலைமை அதிகாரியின் கீழே எல்லா இலாகாக்களையும் கொண்டுவந்து, இலாகாத் தலைவர்களுக்கு உள்ள அதிகாரத்தை அவருக்கே கொடுத்தார்கள். ஸ்பிதியில் அந்த அதிகாரம் காஸாவில் இருப்பவருக்கு. ஒரு வகையில் 1873-இன் நோனோ ஏற்பாட்டையே ஜனநாயக உடையில் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். பனி அதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

அப்படியானால் ஸ்பிதியைத் தனி ஜில்லாவாகவே ஆக்கிவிடலாமே? 12,500 பேருக்கு ஒரு கலெக்டர், ஒரு போலீஸ் சூப்பிரண்டு, ஒரு ஜில்லா பரிஷத் என்றால் செலவு பிடிக்கும்தான். ஆனால் ஜில்லா என்பது தலையெண்ணிக்கை மட்டுமா? கட்டடமும் பெயர்ப்பலகையும் வராவிட்டால் பாதகம் இல்லை. ஸ்பிதி மனிதன் ஒருவன் எந்தக் காரியத்துக்காகவும் குளிர்காலத்தில் கேலாங் வரை சுற்ற வேண்டாம் என்ற நிலை முழுமையாக வர வேண்டும். டாக்டர்கள் விஷயமும் அப்படியே. பெரிய சிகிச்சை என்றால் காஸாவிலிருந்து ராம்பூருக்கோ சிம்லாவுக்கோ போயாக வேண்டும். சிம்லா 400 கிலோமீட்டருக்கு மேல். பனிச்சரிவு வழியை மறித்தால் அதுவும் இல்லை.

ஜூலையில் பனி!

கணவாய் கோடையிலும் தன் குணத்தைக் காட்டுவது உண்டு. 2023 ஜூலை இரண்டாம் வாரம். இமாசலம் முழுதும் பேய்மழை. குன்ஸுமுக்கு அருகே 14,000 அடி உயரத்தில் உள்ள சந்திரதால் ஏரிக்குப் போயிருந்த சுற்றுலாப் பயணிகள் 250 பேருக்கு மேல் கூடாரங்களில் சிக்கிக்கொண்டார்கள். ஜூலையில் அங்கே பனி கொட்டியது. உடல்நிலை மோசமான சிலரை மட்டும் ஹெலிகாப்டர் தூக்கிவந்தது. மற்றவர்களை மீட்கக் காஸா பக்கத்திலிருந்துதான் ஆட்கள் புறப்பட்டார்கள். லோஸரிலிருந்து பனியை வெட்டி வழி செய்துகொண்டு குன்ஸும் ஏறினார்கள். வருவாய் மந்திரி ஜகத் சிங் நேகியும் உடன் போனார். உள்ளூர் ஜனங்களும் கைகொடுத்தார்கள். சந்திரதால் இருப்பது சந்திரா பள்ளத்தாக்கில். ஆனாலும் அந்த நேரத்தில் கைக்கு எட்டியது காஸாதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், 2021 ஜூலையில், லாஹௌல் பக்கம் தோஸிங் நாலா என்ற ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பலர் உயிரிழந்தார்கள்; பட்டன் பள்ளத்தாக்கில் பாலங்கள் அறுந்து பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். மழையே எட்டாத நாடு என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த இடம் இது! பனி குறைகிற வருஷம் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மழை வந்தால் மண்ணோடு மலையும் சேர்ந்து இறங்குகிறது. அதிகாரிகள் குளிர்காலத்துக்குத் தயாராவதைத் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். ஜூலைக்குத் தயாராவது புதுப் பாடம்.

ஐம்பது ஓட்டுக்கு ஒரு சாவடி

இத்தனை சிரமத்திலும் சில காரியங்கள் நடப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஸ்பிதியில் ஹிக்கிம் என்று ஒரு கிராமம், 14,000 அடிக்கு மேல். 1983-இல் அங்கே தபாலாபீஸ் திறந்தார்கள். தபால் பையைத் தூக்கிக்கொண்டு காஸாவுக்கு நடந்தே இறங்குவார்கள். இன்று ஊருக்கு வரும் கடிதங்களைவிட, உலகின் மிக உயர்ந்த தபாலாபீஸ் என்று பெருமை பேசிச் சுற்றுலாப் பயணிகள் தங்களுக்குத் தாங்களே போடும் கார்டுகள்தான் அதிகமாம்.

அதே வட்டாரத்தில் தாஷிகங். 15,256 அடி உயரத்தில் உள்ள வாக்குச் சாவடி. இதைவிட உயரத்தில் உலகில் சாவடி இல்லை என்கிறார்கள். வாக்காளர் ஐம்பது பேர் அளவுதான். அந்த ஐம்பது பேருக்காக இயந்திரமும், அதிகாரிகளும், போலீசும், கணப்பு அடுப்பும் மலை ஏறுகின்றன. மக்களும் கம்பளி உடையில் வந்து, ஏறத்தாழ ஒருவர் பாக்கியில்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 2024 ஜூன் முதல் தேதி நடந்த இடைத்தேர்தலில் இந்தத் தொகுதி அனுராதா ராணாவைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1972-இல் லதா தாக்கூர் ஜெயித்ததற்குப் பிறகு இங்கிருந்து போகும் இரண்டாவது பெண் அவர்.

ஜனத்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்த ஜில்லாவுக்குத் தனி நாள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் மார்ச் முதல் தேதி என்று வைத்தபோது, இங்கே பனிக்கு முன்னதாக 2010 அக்டோபர் முதல் தேதியையே கணக்காகக் கொண்டார்கள். அப்போது எண்ணிய 31,564 பேர், 2001-இல் இருந்த 33,224-ஐவிடக் குறைவு. பிள்ளைகள் படிப்புக்கு என்று குல்லுவிலும் மணாலியிலும் வீடு கட்டிக்கொண்டு போனவர்கள் பலர். சுரங்கம் வந்ததால் அவர்கள் திரும்பி வந்தார்களா, அல்லது போவது இன்னும் சுலபமாகிவிட்டதா என்பது அடுத்த கணக்கெடுப்பில் தெரியும். பனிப் பிரதேசங்களில் அதற்குக் குறித்திருக்கும் நாள் 2026 அக்டோபர் முதல் தேதி.